பதினைந்து நிமிடத் தியானமும் பத்து மணி நேர நிற்றலும்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 38. பாலக்காட்டு நகரில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். இப்போது பட்டுப் பிரிவின் சூப்பர்வைசர். காலை ஒன்பதேகாலுக்குக் கடைக்குள் நுழைந்தால் இரவு எட்டு மணிக்குத்தான் வெளியே வர முடியும். ஆடித் தள்ளுபடிக்குப் பொள்ளாச்சிப் பக்கத்துக் கூட்டமும், அது ஓயும் முன்பே ஓணத்துக்கு உள்ளூர்க் கூட்டமும் வந்துவிடுவதால், அந்த இரண்டு மாதங்களில் சாப்பாட்டு நேரத்தைத் தவிர உட்காருவதற்கே வழியில்லை. பில் போடும் இடத்தில் இரண்டு ஸ்டூல்கள் இருந்தாலும், விற்பனைப் பெண் யாராவது அவற்றில் உட்கார்ந்தால் கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பவர் உடனே போன் செய்கிறார். சென்ற ஓணத்தின்போது ஒரு பெண் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபடியே மயங்கி விழுந்திருக்கிறாள். அதன் பிறகு முதலாளி, ‘ஊழியர்களின் மன அழுத்தத்தைக் குறைப்பதற்காக’ ஒரு பயிற்சியாளரை அமர்த்தி, தினமும் காலையில் ஜமுக்காளம் விரித்து எல்லோரையும் பதினைந்து நிமிடம் தியானத்தில் உட்கார வைக்கிறார். வராதவர்களின் பெயரை நோட்டில் எழுதி வைப்பது நம் வாசகியின் பொறுப்பு.

அவருடைய தந்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நுரையீரல் நோயால், வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரின் துணையோடு பல மாதங்கள் மூச்சுக்குப் போராடி இறந்திருக்கிறார். அதைத் தொடர்ந்து வந்த படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் அரசு மருத்துவமனையில் எஸ்சிடலோபிராம் என்ற மாத்திரை கொடுத்தார்கள். 14 மாதங்கள் எடுத்துக்கொண்டதில் நன்றாகவே இருந்தார். “மூன்று வாரம் ஒழுங்காகத் தியானம் செய்தால் இந்த மாத்திரையெல்லாம் எதற்கு?” என்று பயிற்சியாளர் சொன்னதை நம்பி, 12 நாட்களுக்கு முன்பு தாமாகவே நிறுத்திவிட்டார். இப்போது தலைசுற்றல், கழுத்தைத் திருப்பினால் மின்சாரம் பாய்வது போன்ற ஓர் உதறல், கெட்ட கனவுகள், காரணமில்லாத அழுகை. தியானத்தில் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னவுடன் அப்பாவின் மூச்சுச் சத்தம் காதில் கேட்கிறது, நெஞ்சு அடைக்கிறது என்கிறார். பயிற்சியாளரோ, மனதை அடக்கத் தெரியாதவர்களுக்குத்தான் இப்படி ஆகும் என்று எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டார். “எல்லோருக்கும் அமைதி கொடுப்பது எனக்கு மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? தியானத்தை விடுவதா, வேலையையே விடுவதா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு மனநல மருத்துவராக இரண்டு முறை படித்தேன். உங்களிடம் எந்தக் குறையும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே சமயத்தில் மூன்று வெவ்வேறு காரியங்கள் உங்கள் மேல் விழுந்திருக்கின்றன. மூன்றும் தியான நேரத்தில் ஒன்றாகத் தெரிவதால், எல்லாம் தியானத்தினால் வந்தவை என்றும், தியானம் கைகூடாத உங்களால் வந்தவை என்றும் நினைக்கிறீர்கள். அவற்றைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால்தான் எதற்கு என்ன செய்வது என்று தெரியும்.

மாத்திரைதான் முதல் காரியம்

தலைசுற்றல், தலையைத் திருப்பும்போது ஏற்படும் அந்த மின் உதறல், பயங்கரக் கனவுகள், சட்டென்று வரும் அழுகை ஆகியவை எஸ்சிடலோபிராம் போன்ற மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தும்போது பலருக்கும் வருகின்றன. மாதக்கணக்கில் அந்த மருந்துக்குப் பழகியிருந்த மூளை, அது ஒரேயடியாக நின்றுபோகும்போது தடுமாறுகிறது. இதைக் கண்டு, மருந்துக்கு அடிமையாகிவிட்டோமோ என்று அஞ்ச வேண்டாம். ஆனால் பொறுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடவும் வேண்டாம். ஏனென்றால் நிறுத்தியதால் வரும் தொந்தரவு எது, பழைய படபடப்பு திரும்பி வருவது எது என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் பிரித்தறிய முடியும். வார விடுமுறைக்குக் காத்திராமல் நாளையோ மறுநாளோ அரைநாள் விடுப்பு எடுத்து, மாத்திரை எழுதிக் கொடுத்த அதே மருத்துவரிடம் செல்லுங்கள். நிறுத்திய தேதியையும், ஒவ்வொரு தொந்தரவும் தொடங்கிய நாளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மீண்டும் தொடங்குவதா, எந்த அளவில் தொடங்குவது என்பதை அவர் சொல்லட்டும். நீங்களாகவே மீதமிருக்கும் அட்டையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். மருந்தை ஒருநாள் நிறுத்தத்தான் போகிறோம் என்றாலும், அளவைப் படிப்படியாகக் குறைத்து, இடையிடையே உங்களைப் பார்த்துக்கொண்டே நிறுத்துவதுதான் முறை.

இரவில் தாங்க முடியாத அளவுக்கு மனம் கலங்கினாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் எட்டிப் பார்த்தாலோ, விடியும்வரை காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

பயிற்சியாளர் சொன்னதற்குப் பின்னால் ஓர் உண்மையான ஆய்வுச் செய்தி இருக்கக்கூடும். 2022இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பதற்ற நோய் உள்ள 276 பேரில் ஒரு பகுதியினருக்கு இதே எஸ்சிடலோபிராமும், மற்றொரு பகுதியினருக்கு எட்டு வாரத் தியானப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தபோது, இரண்டு தரப்பினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு குணம் தெரிந்தது. தியானத்தின் மேல் எனக்கு மதிப்பை உயர்த்திய ஆய்வு இது. ஆனால் அவர்கள் செய்த பயிற்சி, வாரம் ஒரு முறை இரண்டரை மணி நேர வகுப்பு, தினமும் வீட்டில் 45 நிமிடம், இடையில் ஒரு முழுநாள் பயிற்சி என்று, தேர்ந்த ஆசிரியரின் மேற்பார்வையில் நடந்தது. ஏற்கெனவே மாத்திரையில் இருப்பவர் அதைச் சட்டென்று விட்டுவிட்டு ஜமுக்காளத்தில் பதினைந்து நிமிடம் உட்காரலாம் என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை. மாத்திரையும் தியானமும் சேர்ந்தே போகலாம். என்னிடம் வருபவர்களில் பலர் அப்படித்தான் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள்.

மூச்சுக்குப் பதில் பாதம்

அடுத்தது அந்த நெஞ்சடைப்பு. தந்தையின் கடைசி மாதங்களில், அவருடைய மூச்சு சீராக வருகிறதா என்று இரவெல்லாம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த மகள் நீங்கள். மூச்சுச் சத்தம் மாறினால் ஆபத்து என்று உங்கள் உடம்பு அப்போதே பாடம் படித்துவிட்டது. நிசப்தமான ஓர் இடத்தில், நாற்பது பேர் ஒன்றாக மூச்சை இழுத்து விடும்போது அந்தப் பாடம் விழித்துக்கொள்வதில் வியப்பில்லை. உங்களைப் போலத் துக்கத்தையோ அதிர்ச்சியையோ சுமந்திருப்பவர்களுக்கும், படபடப்பு நோய் உள்ளவர்களுக்கும் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது சில வேளைகளில் பதற்றத்தைக் கூட்டிவிடுவதுண்டு. தியானத்தால் ஏற்படும் பாதகமான அனுபவங்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2020இல் வெளியான ஒரு கட்டுரை, நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பேருக்கு இப்படி ஏதேனும் நேர்வதாகக் கணித்தது. அவற்றில் முதன்மையானவை பதற்றமும் மனச்சோர்வும்தான். உங்கள் கடையில் நூறு பேர் உட்கார்ந்தால், உங்களைப் போல இன்னும் சிலர் வாய் திறக்காமல் அவதிப்படுகிறார்கள் என்று பொருள். பயிற்சியாளர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் உங்களைக் குறை சொன்னது பெரும் தவறு.

மருந்து நிலைப்பட்டு உடம்பு ஒரு ஒழுங்குக்கு வரும்வரை அந்தக் காலைத் தியானத்திலிருந்து விலகி இருங்கள். பிறகு விருப்பம் இருந்தால், வேறு விதமாகத் தொடங்கலாம். கண்களைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, கவனத்தை மூச்சில் வைக்காமல் பாதங்களில் வையுங்கள்: தரையின் குளிர்ச்சி, குதிகாலில் இறங்கும் எடை, விரல்களின் அழுத்தம். இரண்டு நிமிடம் போதும். நெஞ்சு அடைப்பது போலத் தோன்றினால் உடனே எழுந்து நடந்துவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் ஒரு பயனும் இல்லை.

கடை வேலையிலேயே இதற்கு இடமிருக்கிறது. வாடிக்கையாளர் முப்பது சேலைகளைப் பிரித்துப் போட்டுவிட்டு, ‘அப்புறம் வருகிறோம்’ என்று எழுந்து போன பிறகு, அந்தக் குவியலை நீங்கள் மடித்து அடுக்குகிறீர்கள் அல்லவா? முதல் இரண்டு சேலைகளை மட்டும் முழுக் கவனத்தோடு மடியுங்கள். சரிகைக் கரையோடு கரை பொருந்துவது, பழைய மடிப்புத் தடத்தைக் கட்டைவிரல் தேடிப் பிடிப்பது, பட்டு உள்ளங்கையில் வழுக்குவது என்று ஒவ்வொன்றையும் உணர்ந்து செய்யுங்கள். இடையில் ‘என் உழைப்பெல்லாம் வீண்’ என்ற எரிச்சல் வரும். வந்ததைத் தெரிந்துகொண்டு மறுபடி மடிப்புக்கே திரும்புங்கள். அதுவும் தியானம்தான்.

மனதில் எண்ணமே எழக்கூடாது என்பது பலரும் கொண்டிருக்கும் தவறான எண்ணம். எண்ணம் எழுவதும், அதைப் பின்தொடர்ந்து போய்விட்டதைக் கவனிப்பதும், கோபித்துக்கொள்ளாமல் திரும்பி வருவதும்தான் பயிற்சி. பத்து முறை மனம் அலைந்து பத்து முறை திரும்பி வந்தால், பத்து முறை பயிற்சி செய்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தியானத்தால் ஆவதும் ஆகாததும்

இவ்வளவும் சொன்னதால் பணியிடத் தியானத்தையே நான் எதிர்ப்பதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஸின் 1979இல் தியானப் பயிற்சி ஒன்றைத் தொடங்கி, நாள்பட்ட வலியால் அவதிப்பட்டவர்களுக்குக் கற்றுக் கொடுத்ததிலிருந்து, இது மருத்துவத்துக்குள் வந்துவிட்டது. 2014இல் 47 ஆய்வுகளை, ஏறத்தாழ 3,500 பேரின் விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு மதிப்பீடு, பதற்றம், மனச்சோர்வு, உடல் வலி ஆகியவை தியானத்தால் மிதமான அளவில் குறைகின்றன என்று கண்டது. மருந்தையும் உடற்பயிற்சியையும் விட அது மேலானது என்பதற்கு அதே மதிப்பீட்டில் சான்று கிடைக்கவில்லை. மிதமான பலன், பலருக்கு, பழகப் பழக: இவ்வளவு எதிர்பார்ப்பது சரியாக இருக்கும்.

வேலை செய்யும் இடத்தில் அந்தப் பலன் சின்னச் சின்ன நேரங்களில் தெரியும். வாடிக்கையாளர் எடுத்தெறிந்து பேசிய பிறகு, அந்தக் கோபத்தை அடுத்து வருபவர் மேல் காட்டாமல் இருக்க ஒரு கணம் கிடைக்கிறது. மேலாளர் கூப்பிட்டால் வயிறு கலங்குவதற்கு முன்பு, கலங்கப் போகிறது என்று தெரிகிறது. இரவு கடைசி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் கடைக் கணக்கே மனதில் ஓடிக்கொண்டிருப்பது குறைகிறது. பழகியவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் மூன்றாவது காரியமான உங்கள் கடையின் வேலை முறையை எண்ணும்போது ஒன்றை அழுத்தமாகச் சொல்லத் தோன்றுகிறது. அன்று அந்தப் பெண் மயங்கி விழுந்ததற்கு மன அழுத்தம்தான் காரணம் என்று யார் முடிவு செய்தார்கள்? அசையாமல் நெடுநேரம் நிற்கும்போது ரத்தம் கால்களில் தேங்குகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் அதை மேலே ஏற்றிவிடும், நின்ற இடத்திலேயே நின்றால் அது நடப்பதில்லை. காலையில் சாப்பிடாமல் பஸ்ஸைப் பிடித்து வந்து, கழிப்பறைக்குப் போக நேரம் கிடைக்காதே என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டு, கூட்டத்தில் நான்கு மணி நேரம் நின்றால், எவ்வளவு அமைதியான மனமுடையவளும் விழத்தான் செய்வாள். பல ஆண்டுகள் நின்று வேலை பார்த்த பெண்களின் காலில் ரத்தக்குழாய் சுருண்டு புடைப்பதும், இடுப்பு வலியும், சிறுநீர்த் தொற்றும் இதே வழியில் வருபவை. இவற்றைத் தடுக்க உட்காரும் இடமும், குடிநீரும், கழிப்பறைக்குப் போக இடைவேளையும்தான் வேண்டும்.

பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் விவரங்களை வைத்து 2024இல் வெளியான ஓர் ஆய்வில், தியானம், மன உறுதிப் பயிற்சி போன்ற வகுப்புகளில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களை விட நலமாக இருந்ததாகத் தெரியவில்லை. வேலையின் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதைத் தாங்குவதற்கு ஊழியரை மட்டும் பழக்கினால் பயன் குறைவு என்பதே அதற்கு விளக்கமாகச் சொல்லப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல்களும், பணிச்சுமை, நேரம், சூழல் ஆகியவற்றை மாற்றுவதைத் தனிநபர் பயிற்சிகளோடு சேர்த்தே வற்புறுத்துகின்றன.

நாற்காலி கேட்பது உங்கள் உரிமை

உட்கார்ந்தால் போன் வரும் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் வழக்கம் என்று ஏற்றுக்கொண்டுவிட்டீர்களோ என்று கவலையாக இருக்கிறது. கேரளத்தில் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான பி. விஜியும் அவருடைய ‘பெண்கூட்டு’ அமைப்பினரும் கழிப்பறைக்கும் நாற்காலிக்கும் பல ஆண்டுகள் போராடியதன் விளைவாக, கேரளக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காருவதற்குத் தகுந்த இருக்கை வசதி செய்து தர வேண்டியது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. தமிழ்நாடும் 2021இல் இதே போன்ற திருத்தத்தைக் கொண்டுவந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதும், கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பதும் கேரளச் சட்டத்தின் பழைய விதிகள்தான். தியானத்துக்கு வருவது கட்டாயம் என்றால், அந்தப் பதினைந்து நிமிடத்தையும் வேலை நேரமாகக் கணக்கிடும்படி கேட்பதில் தவறே இல்லை.

முதலில் முதலாளியிடம் பேசிப் பாருங்கள். ஊழியர் நலனுக்காகப் பணம் செலவழிக்க முன்வந்தவர் அவர். அவரை எதிரியாக நினைக்கத் தேவையில்லை. “தியானம் இருக்கட்டும் சார், கவுன்டருக்குப் பின்னால் நான்கு ஸ்டூல் போட்டால் யாரும் மயங்கி விழ மாட்டார்கள்” என்று நீங்களும் மூத்த ஊழியர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்கள். தனியாகச் சொல்லி அகப்பட்டுக்கொள்ள வேண்டாம். அவர் செவிசாய்க்காவிட்டால், உங்கள் பகுதியின் உதவித் தொழிலாளர் அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். மலையாளத்தில் எழுத வராதே என்று தயங்காதீர்கள். கேரளத்தின் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. புகார் கொடுத்தவர் யார் என்று கடையில் தெரிந்துபோகும் அபாயம் உண்டு என்பதையும் எண்ணிப் பார்த்து, நாலைந்து பேர் கையெழுத்தோடு கொடுப்பதே நல்லது.

அந்த நோட்டு

உங்களோடு வேலை பார்க்கும் முஸ்லிம் பெண் ஒருத்தி, “அக்கா, மந்திரம் சொல்ல எனக்கு மனசு ஒப்பல, என் பேரை எழுதிடாதீங்க” என்று கேட்டதாகவும், என்ன செய்வதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவளைக் கட்டாயப்படுத்த வேண்டாம். 1970களில் ஹார்வர்டைச் சேர்ந்த மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், தியானத்தின்போது உடம்பு எப்படித் தளர்ந்து அமைதி கொள்கிறது என்று ஆராய்ந்தபோதே, எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் அந்த அமைதி கிடைக்கிறது என்று கண்டார். அவரவர் நம்பிக்கைக்கு ஏற்ற சொல்லையோ, சொல்லே இல்லாத மௌனத்தையோ வைத்துக்கொள்ளலாம் என்று முதலாளியிடம் யோசனை சொல்லுங்கள். வராதவர் பட்டியல் தேவையில்லை என்பதையும் அப்போதே சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பெயர் எழுதப்படும் என்ற அச்சத்தோடு வந்து உட்காருபவருக்கு எந்தத் தியானமும் பலிக்காது.

உங்கள் சிகிச்சையைப் பற்றி, ஏன் அழுகிறீர்கள் என்பதைப் பற்றி, கடையில் யாருக்கும் விளக்கம் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர் அல்லர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் இரகசியத்துக்கு உத்தரவாதம் தருகிறது. ‘மருத்துவர் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார்’ என்ற ஒரு வரி போதும். தேவைப்பட்டால் நோயின் பெயரைக் குறிப்பிடாத ஒரு சீட்டை மருத்துவரிடம் வாங்கிக்கொள்ளலாம்.

வேலையை விடுவதா என்ற கேள்விக்கு இப்போது பதில் தேட வேண்டாம். மாத்திரை நின்ற தடுமாற்றத்தில் எடுக்கும் முடிவு, இரண்டு மாதம் கழித்து உங்களுக்கே அந்நியமாகத் தோன்றக்கூடும். சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மருத்துவர் ஓய்வு எழுதிக் கொடுக்கும் நாட்களுக்கு, விதிகளுக்கு உட்பட்டு, சராசரிக் கூலியில் 70 சதவீதம் வரை, ஆண்டுக்கு 91 நாட்கள் பெற முடியும். ஓணக் கூட்டத்துக்கு நடுவே உடம்பு தாங்காவிட்டால் அந்த வழி இருக்கிறது. நாற்காலி, நேரம் எதுவும் மாறாமல், உடம்பு தேறிய பிறகும் விலகத்தான் வேண்டும் என்று தோன்றினால், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவர் என்ற முறையில் ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உங்களுக்கு உண்டு. உங்கள் 11 ஆண்டுகளுக்கும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே கடையை விட்டு வெளியே வாருங்கள்.